துரை வர்றாரு, சைக்கிளைவிட்டு இறங்கு!

வாட்சப் குழுவுல ஒரு போஸ்டர் வந்து விழுந்துச்சு.

"1941 மின்னல் பயணம். அதே பாதை. அதே வேகம். வாங்க, வரலாற்றை மிதிப்போம்!"

கீழ ஒரு ஜெர்சி படம். முதுகு பூரா சிவப்புக் கதிர் விரியுற சூரியன். விலை தொண்ணூறு வெள்ளி. சைஸ் சொல்லிட்டு முன்பணம் கட்டணுமாம்.

குடிச்சிட்டிருந்த தே தாரிக் ஆறி ஆடை கட்டிருச்சு. எனக்கு மட்டும் சூடு இறங்கல.

வரலாற்றை மிதிக்கிறதாம்! மிதிச்சது யாரு, மிதிபட்டது யாருன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா அந்தச் சூரியனைத் துணியில அச்சடிப்பாங்களா? எங்க பாட்டி இருந்த வரைக்கும் வீட்டுல மரவள்ளிக்கிழங்கு வேகாது. ஜப்பான்காரன் காலத்துல தின்னு தின்னு அலுத்துப்போன கிழங்கு. அவங்க அண்ணன் சயாமுக்கு ரயில் ரோடு போடப் போனவரு. போனவரு போனவருதான்.

குழுவுல கத்தினேன். ஒருத்தர் நிதானமா பதில் போட்டாரு: "ஹிஸ்டரியை ஹிஸ்டரியா பாருங்க சிஸ்டர்."

சரி சார். பாத்துருவோம்.

என் சித்தி மகன் ஒருத்தன் இருக்கான். சைக்கிள்னா சோறு தண்ணி வேணாம் அவனுக்கு. அவனைப் பிடிச்சேன். "அக்கா, ஜித்ராவுல இருந்து ஜொகூர் வரைக்குமா? உங்க முதுகுக்கு அது தாங்குமா?"ன்னு கேட்டான். ஒரே மூச்சுல இல்லடா, லீவு கெடைக்கிறப்பல்லாம் துண்டு துண்டா போவோம், விட்ட இடத்துல இருந்து தொடங்குவோம்னு சொன்னேன். (முதுகு தாங்குச்சா இல்லையாங்கிறது எனக்கும் தைலக் கடைக்காரருக்கும் உள்ள விஷயம்.)

தெரியாதவங்களுக்குக் கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். 1941 டிசம்பர் 8, நடுராத்திரி தாண்டி ஜப்பான் படை கோத்தா பாருவுல இறங்குச்சு. அதே நேரம் சயாம் பக்கம் சிங்கோராவுலயும் பட்டாணியிலயும். அங்கிருந்து எல்லை தாண்டி, மேற்குக் கரைப் பெரிய ரோட்டைப் பிடிச்சு தெற்கே இறங்கி, ஜனவரி 31-க்குள்ள ஜொகூர் பாருவையே பிடிச்சுட்டாங்க. 55 நாள், ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர். பிப்ரவரி 15 அன்னிக்கு சிங்கப்பூர் சரண். காலாட்படையில பெரும்பங்கு வந்தது சைக்கிள்ல.

ஒரு டிவிஷனுக்கு ஆறாயிரம் சைக்கிளாம். லோரி, காடி எல்லாம் சேர்த்தே ஐந்நூறுதானாம். இந்தக் கணக்கைச் சொன்னவர் சுஜி மசனோபு, படையெடுப்புக்குத் திட்டம் போட்ட அதிகாரிகள்ல ஒருத்தர். பின்னாடி அதை ஒரு புத்தகமாவே எழுதிட்டாரு. (இந்தாளு லேசுப்பட்டவர் இல்ல. சிங்கப்பூர்ல சீனர்களைக் கொத்துக் கொத்தா கொன்ன விவகாரத்துல இவர் பேரு முன்னால வரும். 1961-ல லாவோஸ் பக்கம் போனவரு காணாமலேயே போயிட்டாரு. அதனால இவர் சொல்ற வீரப்பிரதாபத்தை அப்படியே முழுங்கிடாதீங்க.)

இப்ப அந்த "அதே வேகம்" கதைக்கு வருவோம். 1,100-ஐ 55-ஆல வகுத்துப் பாருங்க.

ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர்.

மின்னலாம்! என் தம்பி பசியாறுறதுக்கு முன்னாடி போயிட்டு வந்துருவான்.

ஆனா அந்த 20-க்குள்ள ஒரு நாளைக்கு ரெண்டு சண்டை, நாலஞ்சு பாலம் ரிப்பேர்னு சுஜி கணக்கு சொல்றாரு. ஆக விஷயம் வேகத்துல இல்ல. நிக்காம வந்துக்கிட்டே இருந்ததுல இருக்கு. வெள்ளைக்காரன் பின்வாங்கும்போது பாலத்தை உடைச்சுட்டுப் போவான். லோரி நிக்கும், டாங்கி நிக்கும். சைக்கிள்காரன் வண்டியைத் தோள்ல தூக்கிட்டு ஆத்துல இறங்கி அந்தப் பக்கம் ஏறிடுவான். பின்வாங்கினவன் உக்காந்து பூட்ஸைக் கழட்டுறதுக்குள்ள பின்னால மணிச்சத்தம்.

ஜித்ராவுல ஆரம்பிச்சோம். வயக்காடு, ரெண்டு பக்கமும் பச்சை, நடுவுல ரோடு. ஒரு டிவிஷனே குழி வெட்டி உக்காந்திருந்த இடம் இது. 11-ஆவது இந்தியன் டிவிஷன். மழையில குழியெல்லாம் தண்ணி. வேலையும் பாதியில நின்ன அரண். டிசம்பர் 11, 12, ரெண்டே நாள்ல எல்லாம் கலைஞ்சு ஓடிட்டாங்க. விட்டுட்டுப் போன அரிசி, பெட்ரோல், டின் சாப்பாடு எல்லாத்துக்கும் ஜப்பான்காரங்க சர்ச்சில் பேரையே வெச்சாங்க. அலோர் ஸ்டார் விமானத் தளத்தைக்கூடச் சரியா உடைக்காம விட்டுட்டுப் போயிருக்காங்க. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்ச கதைதான்.

அலோர் ஸ்டார்ல இன்னொண்ணும் நடந்துச்சு. ஜித்ராவுல சிதறின பஞ்சாப் ரெஜிமென்ட் கேப்டன் மோகன் சிங் இங்கதான் ஜப்பான்காரங்க கையில சிக்கினாரு. இந்திய தேசிய ராணுவத்துக்கு முதல் விதை இந்த ஊர்லதான் விழுந்துச்சு. நேதாஜி வந்ததெல்லாம் ஒன்றரை வருஷம் கழிச்சு. அதைச் சொல்ல ஒரு பலகையாவது இருக்கும்னு ஊரைச் சுத்தினோம், எங்க கண்ணுல ஒண்ணும் படல. நல்ல நாசி கண்டார் கிடைச்சுது.

குருன் தாண்டி, ஜெராய் மலையை வலது பக்கம் வெச்சுக்கிட்டு பீடோங், சுங்கை பட்டாணி. இது நம்ம பேட்டை. சின்ன வயசுல இந்த ரோட்டோரம் பூரா பால்மரம். இப்ப பாதி செம்பனை, மீதி வீடமைப்பு.

இந்த இடத்துல எனக்கு ஒரு கேள்வி வந்துச்சு. இந்த ரோடு ஏன் இவ்வளவு நல்லா இருந்துச்சு?

"மலாயா காடு, அதுல எவனும் படை நடத்த முடியாது"ன்னு நம்பினாங்க வெள்ளைக்காரங்க. ஆனா அந்தக் காட்டுக்கு நடுவுலேயே வடக்கிருந்து தெக்கு வரைக்கும் வழவழன்னு தார் ரோடும் அவங்களேதான் போட்டு வெச்சிருந்தாங்க. ஈயமும் ரப்பரும் துறைமுகத்துக்குப் போகணுமே! ஒவ்வொரு தோட்டத்துக்குள்ளயும் செம்மண் சடக்கு, அது பெரிய ரோட்டுல போய்ச் சேரும். ஜப்பான்காரன் பெரிய ரோட்டுல அடி வாங்கினா தோட்டச் சடக்குல புகுந்து சுத்திக்கிட்டு முதுகுப் பக்கம் வந்து நிப்பான். லோரிக்கு அந்த வழி ஆகாது. சைக்கிளுக்கு அதுவே ராஜபாட்டை.

அந்த ரோட்டுக்குக் கல் உடைச்சதும் தார் ஊத்தினதும் யாருன்னு நான் சொல்லணுமா? பொதுப்பணித் துறையிலயும் ரயில்வேயிலயும் கூலி வேலைன்னா அப்ப பெரும்பாலும் தமிழாளுங்கதான். நம்மாளு போட்ட ரோடு, நம்மாளு வெட்டின பாலு. ஆனா படம் போட்ட புத்தகத்துல பாத்தா பிரிட்டிஷ் தளபதி, ஜப்பான் தளபதி, நடுவுல ஒரு சைக்கிள்.

சைக்கிளும் முழுக்க அவங்களோடதில்ல. கப்பல்ல கொண்டுவந்ததும் உண்டு, இங்க பிடுங்கினதும் உண்டு. போருக்கு முன்னாடியே மலாயா கடையெல்லாம் மலிவு விலை ஜப்பான் சைக்கிள் நிறைய வந்திருந்துச்சு. அதனால எந்த ஊர்ல எது உடைஞ்சாலும் ஸ்பேர் பார்ட்ஸ் கைக்கு எட்டுற தூரம்.

தைப்பிங் தாண்டினதும் புக்கிட் பெராப்பிட் ஏத்தம். ஒவ்வொரு சிப்பாயும் முப்பது கிலோவுக்குக் குறையாம சுமந்தான்னு படிச்சிருந்தேன். படிச்சா போதாதுல்ல? பத்து கிலோ அரிசிப் பை மூணு, கேரியர்ல கட்டினோம். நான் ஏறினேன்.

ஏறினேன்னு சொல்றது மரியாதைக்கு. முன் சக்கரம் குதிரை மாதிரி மேல தூக்குது. கைப்பிடியை அமுக்கினா மிதிக்க முடியல, மிதிச்சா கைப்பிடி ஆடுது. பின்னால வந்த லோரிக்காரன் ஹாரன் அடிச்சே ஏத்திவிட்டுட்டான். பாதி ஏத்தத்துல ரெண்டு பையைப் பிரிச்சு முன் பக்கம் கட்டினதும் வண்டி கொஞ்சம் சொன்ன பேச்சு கேட்டுச்சு. மேல போய்ச் சேர்ந்ததும் தம்பி கேட்டான்: "அக்கா, அவனுங்க மேல கோபம் குறைஞ்சிருச்சா?" இல்லடா, அரிசி மேலதான் கூடிருச்சு.

அடுத்து டயர் சமாச்சாரம். இதைச் சொல்லத்தான் கை பரபரன்னு இருந்துச்சு.

இந்த வெயில்ல, அந்தப் பாரத்துல, டயர் பொட்டு பொட்டுன்னு வெடிச்சிருக்கு. ஒவ்வொரு கம்பெனிக்கும் ரிப்பேர்காரங்க ரெண்டு பேர் இருந்தும் ஒட்டி மாளல. அவசரத்துல என்ன பண்ணாங்கன்னா, டயரையே உருவி வீசிட்டு வெறும் இரும்பு வளையத்துல ஓட்டிட்டுப் போனாங்க. உலகத்து ரப்பர்ல மூணுல ஒரு பங்குக்கும் மேல கொடுத்த நாட்டுல, ரெண்டு பக்கமும் பால்மரம் நிக்கிற ரோட்டுல, டயர் இல்லாம சைக்கிள்! ராத்திரியில நூத்துக்கணக்குல அப்படி வர்றப்ப எழும்புற சத்தத்தைக் கேட்டு, டாங்கி வருதுன்னு எதிராளி பயந்து ஓடினதா கதை.

அது நெசமா புருடாவா?

ஈப்போவுல ஒரு பழைய சைக்கிள் கடை. சீனத் தாத்தா ஒருத்தர். காயலாங்கடைக்குப் போக வேண்டிய ரெண்டு வண்டியைக் காட்டி விலை கேட்டோம். டயர் மாத்தணும்னாரு. வேணாம் அங்கிள், இருக்கிறதையும் கழட்டிக் கொடுங்கன்னோம். எங்க ரெண்டு பேரையும் மேலும் கீழும் பாத்தாரு. விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கல. லீவரை உள்ள விட்டு ஒரு சுத்து சுத்தினாரு, டயர் பாம்புச் சட்டை கணக்கா கழண்டு கீழ விழுந்துச்சு. காசு வாங்க மாட்டேன்னுட்டாரு. "எங்கப்பா சைக்கிளை அப்படித்தான் எடுத்துட்டுப் போனாங்க"ன்னு மலாய்ல சொல்லிட்டு உள்ள போயிட்டாரு.

அன்னிக்கு ராத்திரி தெரிஞ்சவங்க தோட்டத்துத் தார் சடக்குல ரெண்டு வண்டியையும் விட்டோம். இரும்பு வளையம், மேல டியூபும் இல்ல டயரும் இல்ல. மொதல்ல கையில ஏறுது அந்த நடுக்கம், அப்புறம் தாடை, அப்புறம் பல்லு. பேச முடியாது, நாக்கைக் கடிச்சுக்குவோம். வளைவுல வழுக்குது. வெள்ளைக் கோட்டு மேல ஏறினா காலி. சத்தமா? கடகடன்னா ஒலி பத்தாது. ரெண்டே சைக்கிளுக்கு லயத்து நாய் எல்லாம் ஒண்ணா எழுந்து குரைக்குது. ஒரு பாட்டி கதவைத் திறந்து "யாரது லோரியை உள்ள கொண்டாந்தது?"ன்னு சத்தம் போட்டாங்க.

ஆக, நெசம்தான். முப்பது சைக்கிள் போதும், டாங்கின்னே நானும் ஓடியிருப்பேன்.

கம்பார்ல கொஞ்சம் அதிகமாவே தங்கினோம். (கறிக்கோழி ரொட்டி ஒரு காரணம். பெரிய பன்னுக்குள்ள குழம்போட கோழி. நாலு பேர் சாப்பிடுறதை நாங்க ரெண்டே பேர் முடிச்சோம்.) ஊருக்குக் கிழக்கே மலை செங்குத்தா நிக்குது, மேற்கே ஈயம் தோண்டின குட்டைங்க. நடுவுல ரோட்டைப் பாத்தாப்புல சின்னச் சின்னக் கரடு. டிசம்பர் 30-ல இருந்து ஜனவரி 2 வரைக்கும் இங்கதான் ஜப்பான்காரன் சரியான அடி வாங்கினான். மேட்டுல இருக்கிறவனுக்கு ரோடு பூரா தெரியும். சைக்கிள் எதுக்கு ஆகும்? பஞ்சாப் ரெஜிமென்ட் சீக்கியர்கள் கத்தியைச் சொருகின துப்பாக்கியோட ஓடிப்போய்ப் பாய்ஞ்சு இடத்தை மீட்டிருக்காங்க. பல பேரு திரும்பல. கிரீன் ரிட்ஜ்ங்கிற மேட்டுல பதுங்குகுழித் தடம் இன்னும் இருக்கு. உள்ள இறங்கி நின்னு பாத்தேன், இடுப்பு வரைக்கும் சருகு.

இவ்வளவு நின்னும் கடைசியில பலனில்ல. ஜப்பான்காரன் கடல் வழியா தெலுக் ஆன்சன் பக்கம் ஆளை இறக்கிட்டான். முதுகு போயிடும்னு கம்பாரைக் கை விட்டாங்க.

சிலிம் ரிவர் பத்தி அதிகம் சொல்ல எனக்கு மனசில்ல. ஜனவரி 7 விடியுறதுக்கு முன்னாடி டாங்கிக் கூட்டம் ரோட்டோடயே நேரா உள்ள புகுந்துச்சு. சில மணி நேரத்துல ஒரு டிவிஷன் காலி. அங்க சைக்கிளுக்கு வேலையே இல்ல. எங்களுக்கும் மழை. பஸ் ஸ்டாப்புல உக்காந்து வேர்க்கடலை தின்னுட்டுக் கிளம்பிட்டோம்.

கோலாலம்பூர் ஜனவரி 11-ல விழுந்துச்சு. இங்கிருந்து ஜப்பான்காரன் தெற்கே போனான். நாங்க மேற்கே திரும்பினோம். "அதே பாதை"யைவிட்டு நாங்க வேணும்னே விலகின இடம் இது.

கிள்ளான்.

கூட்டரசு நெடுஞ்சாலையில மோட்டார் சைக்கிளுக்குன்னு தனித் தடம் உண்டு. அதுல ஓரமா ஒட்டிக்கிட்டுப் போனோம். (சுரங்கப் பாலத்துக்குள்ள மழைத்தண்ணி நிக்கும், பாத்துப் போங்க.) தம்பி பாதி வழியில கேட்டான்: "கிள்ளான்ல என்னக்கா சண்டை நடந்துச்சு?"

நடந்துச்சுடா. ஜப்பான்காரன் வர்றதுக்கு ஏழு மாசம் முன்னாடி.

1941 மார்ச்சுல இருந்து மே வரைக்கும் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள்ல நம்மாளுங்க வேலைநிறுத்தம் பண்ணாங்க. முன்ன நின்னவர் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்து ஆர். எச். நாதன். கோரிக்கைப் பட்டியலைப் பாத்தா கூலி உயர்வு இருக்கு, சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி. பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம், மருத்துவம், கள்ளுக்கடையை மூடுறது, அடிக்கிற கிராணியை மாத்துறது, சொந்தபந்தம் தோட்டத்துக்குள்ள வந்து போற உரிமை. எல்லாம் நாம எதிர்பாக்கிறதுதான்.

அதுக்கு நடுவுல ஒண்ணு இருக்கு. துரை எதிர்ல வந்தாலும், கிராணி எதிர்ல வந்தாலும், தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்காம ஓட்டிட்டுப் போகலாம்னு அனுமதி வேணும்.

மொத தடவை படிச்சப்ப புத்தகத்தைக் கீழ வெச்சுட்டேன்.

யோசிச்சுப் பாருங்க. விடியாத நேரத்துல பெரட்டு, அப்புறம் பால் வெட்டு, வாளி தூக்குறது. அதுல மிச்சம் பிடிச்சு ஒருத்தன் சைக்கிள் வாங்குறான். அவன் காசு, அவன் வண்டி. அதுல ஏறினா டவுனுக்குப் போகலாம், பத்திரிகை வாங்கலாம், அடுத்த தோட்டத்துல என்ன கூலின்னு விசாரிக்கலாம், கூட்டத்துக்குப் போகலாம். துரைக்குக் கண்ணை உறுத்தினது சைக்கிள் இல்ல, அது போற இடம். எதிர்ல அவர் வந்தா இவன் இறங்கி ஓரமா, வண்டியைப் பிடிச்சுக்கிட்டு, அவர் போற வரைக்கும் நிக்கணும். சட்டப் புத்தகத்துல தேடாதீங்க. தோட்டத்துல துரை வெச்சதுதான் சட்டம்.

நாதனைக் கைது பண்ணி நாடு கடத்தினாங்க. சிலாங்கூர்ல அவசரநிலை போட்டாங்க. பட்டாளத்தை இறக்கினாங்க, துப்பாக்கிச் சூடு நடந்துச்சு, தொழிலாளிங்க செத்தாங்க. சுட அனுப்பின சிப்பாயும் இந்தியன்தான்.

ஜப்பான்காரன் வந்ததும் அதே துரைங்க மூட்டையைக் கட்டி, காடியில ஏறி, தெற்கே ஓடினாங்க. பினாங்குல நடந்தது இன்னும் மோசம். ராத்திரியோட ராத்திரியா வெள்ளைக்காரங்களை மட்டும் கப்பல்ல ஏத்திட்டு, மத்தவங்கள அம்போன்னு விட்டுட்டுப் போனாங்க. கார்ன்வாலிஸ் கோட்டையில யூனியன் ஜாக் கொடி பாட்டுக்குப் பறந்துக்கிட்டே இருக்கு, ஜப்பான் விமானமும் குண்டு போட்டுக்கிட்டே இருக்கு. அந்தக் கொடியைக் கீழ இறக்கினவர் ஒரு இலங்கைத் தமிழர், ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ பத்திரிகை ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. ஊர்க்காரங்களைச் சேர்த்துக் கமிட்டி போட்டு, இங்க படை இல்ல, குண்டு போடாதீங்கன்னு வானொலியில சொல்லி, ஊரைக் காப்பாத்தினாரு. (சைக்கிள் கதையில இவருக்கு இடமில்லதான். எனக்குச் சொல்லாம இருக்க முடியல.)

சரி, துரை போயாச்சு. இனிமே நம்மாளு சைக்கிளைவிட்டு இறங்க வேணாம்ல?

ஜப்பான் சிப்பாய் முச்சந்தியில நின்னான். சைக்கிள்ல வர்றவன் இறங்கணும். இறங்கி, குனிஞ்சு வணக்கம் வைக்கணும். குனிஞ்சது பத்தலேன்னா கன்னத்துல அறை. எங்க பாட்டி செஞ்சு காட்டுவாங்க, இடுப்பை எவ்வளவு மடிக்கணும்னு. சைக்கிள்லயே வந்து நாட்டைப் பிடிச்சவன், அடுத்தவனைச் சைக்கிளைவிட்டு இறக்கினான்.

போஸ்டர்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இந்த ரோட்டுல சைக்கிளுக்கு ஒரு வரலாறு இருக்கு, அது டிசம்பர் 8-ல ஆரம்பிக்கல.

கிள்ளான்ல இருந்து மறுபடி பழைய பாதையைப் பிடிச்சு கிம்மாஸ் வரைக்கும் வந்தாச்சு, அதையும் சொல்லிடறேன். தம்பின் டவுன்ல இருந்து கிம்மாஸ் போற வழியில, பழைய ரோட்டோரம், கெமென்சே பாலம். ஓடைதான் அது, கெலாமா ஆறுன்னு பேரு. பாத்தா தாண்டிக் குதிச்சுடலாம்னு தோணும். ஜனவரி 14, சாயங்காலம் நாலு மணி வாக்குல ஆஸ்திரேலியப் படையில ஒரு கம்பெனி கேப்டன் டஃபி தலைமையில பாலத்துக்கிட்ட ஒளிஞ்சிருந்துச்சு. சைக்கிள் கூட்டம் வருது. அதுக்கு முன்னாடி பேராக் ஆத்துப் பக்கம் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி, ஸ்பென்சர் சாப்மன், புதர்ல பதுங்கி இந்த மாதிரி ஒரு கூட்டத்தைப் பாத்திருக்காரு. மூணு நாலு பேரா வரிசை கட்டி, சிரிச்சுப் பேசிக்கிட்டு, ஏதோ பந்து விளையாட்டு பாக்கப் போற கூட்டம் மாதிரி போனாங்கன்னு எழுதியிருக்காரு. இங்கயும் அப்படித்தான் வந்திருக்காங்க. துப்பாக்கியெல்லாம் வண்டியில கட்டிக் கிடக்கு.

ஒரு இருநூறு முந்நூறு பேரைப் பாலம் தாண்டவிட்டாங்க. பாலத்து மேல ஆள் நெருங்கினதும் வெடி. கட்டின துப்பாக்கியை அவிழ்க்கக்கூட நேரமில்ல.

ஆனா பாருங்க, தாண்டிப் போகவிட்ட கூட்டம் சும்மா போகல. ரோட்டோரம் பீரங்கிப் படைக்குப் போன டெலிபோன் கம்பியைப் பாத்து அறுத்துட்டான். பீரங்கிக்குச் சேதியே போகல, கடைசி வரைக்கும் வாயைத் திறக்கல. பாலத்தையும் ஜப்பான்காரன் சட்டுபுட்டுன்னு திரும்பக் கட்டிட்டான்.

நினைவுச்சின்னம் இருக்கு, சுத்தமா வெச்சிருக்காங்க. பக்கத்துல புல்லு வெட்டிக்கிட்டிருந்த ஒரு பாக்சீக் மெஷினை நிறுத்திட்டு, பாலம் நின்ன இடத்தைக் கை நீட்டிக் காட்டினாரு. ஆஸ்திரேலியாவுல இருந்து வருஷா வருஷம் ஆளுங்க வருவாங்களாம். "உங்காளுங்க வந்து நான் பாத்ததில்ல"ன்னாரு. குத்தமா சொல்லல, சும்மா சொன்னாரு.

எங்காளுங்க இங்கிருந்து வேற பக்கம் போனாங்க பாக்சீக். கிம்மாஸ் ஜங்ஷன்ல இருந்து பிரியுற கிழக்குக் கரை ரயில் பாதையில ஒரு பகுதித் தண்டவாளத்தைப் பிடுங்கி சயாமுக்கு அனுப்பினான் ஜப்பான்காரன். தோட்டத்து ஆளுங்களையும் அதே திசைக்குத்தான் ஏத்தினான். 415 கிலோமீட்டர் மரண ரயில். ஆசியத் தொழிலாளிங்க மட்டும் பல பத்தாயிரம் பேர் செத்தாங்க, அதுல நம்மாளுங்க கணக்கு இன்னும் சரியா எழுதப்படல. இரும்பும் ஆளும் ஒரே கணக்குல போச்சு.

கிம்மாஸுக்குத் தெற்கே சிகாமட், லாபிஸ், யோங் பெங், ஆயர் ஈத்தாம், கூலாய். செம்பனை, செம்பனை, லோரி, செம்பனை. அதுல எழுத ஒண்ணுமில்ல. ஜொகூர் பாருவுல பாலத்தைப் பாத்துக்கிட்டே ஒரு ஒட்டுக்கடையில உக்காந்தோம். ஜனவரி 31-ல கடைசி ஆள் தாண்டினதும் அந்தப் பாலத்தையும் உடைச்சாங்க. இன்னிக்கு அதுல வேலைக்குப் போய் வர்றவங்க மோட்டார் சைக்கிள் கூட்டத்தைப் பாத்தா ஜப்பான் தளபதி யமாஷித்தாவே திரும்பிப் போயிருப்பாரு.

இப்ப என் திட்டத்தைச் சொல்றேன். மே மாசம் கிள்ளான் பக்கம் ஒரு சுத்து வரலாம்னு இருக்கேன், அந்த வேலைநிறுத்தம் நடந்த தோட்டங்கள் வழியா. பெரும்பாலும் இப்ப வீடமைப்பும் தொழிற்சாலையும்தான். எது எந்தத் தோட்டமா இருந்துச்சு, ஆபீஸ் எங்க இருந்துச்சு, துரை பங்களாவுக்குப் போற சடக்கு எது, இதெல்லாம் உங்க வீட்டுப் பெரியவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கேட்டு எழுதுங்க. வர்றவங்க எந்த சைக்கிளா இருந்தாலும் சரி, பிரேக் மட்டும் பிடிக்கணும். காலையில ஆறரைக்குக் கிள்ளான் ரயில் நிலையம் முன்னாடி. ஒன்பது மணிக்கு மேல வெயில் தாங்காது, தண்ணி ரெண்டு போத்தல் எடுத்துக்குங்க.